அடிக்குதா, இல்லையா

இது எனக்கு நடந்ததல்ல. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் பியூலா சொன்னது. ஒரு மழை நாளில் வேலை முடிந்து வந்து, நனைந்த துப்பட்டாவைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து ஒரே மூச்சாகச் சொன்னாள். அவள் ‘நான்’ என்று சொன்னதை நானும் ‘நான்’ என்றே எழுதுகிறேன். ‘அவள்’ என்று மாற்றி எழுதிப் பார்த்தேன், யாருக்கோ எப்போதோ நடந்ததுபோல் ஆறிப்போய்விட்டது. அவள் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எவை என்று கேட்டால் இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. பியூலாவின் வேலை, புதிதாக வரும் கேமிங் கம்ப்யூட்டர்களை ஓட்டிப் பார்த்து அளப்பது. நிரஞ்சன் என்பவர் சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து யூடியூப் சேனல் நடத்துகிறார். அவர் பேசுவார், ஷபீர் படம் பிடிப்பான், பியூலா அளப்பாள். அன்று மேஜையில் இருந்தது ஈரோட்டில் இருந்து வந்த ஒரு மெஷின்.

அடித்தது. அடித்ததா? புறங்கையைத்தான் வைத்தேன். எந்தப் புது மெஷின் வந்தாலும், அதை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பது என் பழக்கம், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. மேஜையில் தெர்மல் கேமரா இருக்கிறது, எந்த இடம் எவ்வளவு சூடு என்று சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டிவிடும், இருந்தாலும் கை போகும். போனது. தகடு சூடாக இல்லை. சூட்டுக்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று, தோலுக்கு அடியில் எறும்புகள் ஓடுகிற மாதிரி, மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டுப் போனது. கையை இழுத்துக்கொண்டேன். கத்தினேனா என்று தெரியவில்லை. ஷபீர் திரும்பிப் பார்த்தான், அப்படியென்றால் கத்தியிருக்கிறேன். என்ன பியூலா, என்றான். ஷாக் அடிக்குது, என்றேன். எது? மெஷின். பாடி. தொட்டா அடிக்குது. நிரஞ்சன் சார் நாற்காலியில் இருந்து எழுந்து வந்தார், எழுந்த வேகத்திலேயே இரண்டு உள்ளங்கைகளையும் கேபினட் தலையில் வைத்தார், ஆசீர்வாதம் செய்வதுபோல. “எங்க? எனக்கு ஒண்ணும் இல்லையே.” ஷபீரும் தொட்டான். “எனக்கும் இல்ல. நீ காலைல சாப்டியா மொதல்ல?” சாப்பிட்டேன். இட்லி. சாப்பிட்டேனா? விடுதியில் சாம்பார் புளித்துப்போயிருந்தது, ஒன்றோடு நிறுத்திவிட்டேன். சாப்பிடாவிட்டால் ஷாக் அடிக்குமா என்ன? இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன், கை போகவில்லை, தகட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது, என் கைதானா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது, அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சும்மா பயந்துக்காத” என்றார் சார். “டெஸ்ட் முடிய இன்னும் அரை மணி நேரம் ஆகும்ல? அதுக்குள்ள நல்லா யோசிச்சு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அடிக்குதா, இல்லையா. அடிக்குதுன்னா அதான் வீடியோ. ‘தொட்டால் ஷாக்’னு தம்ப்நெயில் போட்டு இன்னைக்கே ஏத்திடலாம். இல்லன்னா விட்டுரு, ஃப்ரேம், டெம்பரேச்சர் மட்டும் பேசிட்டு முடிச்சிடறேன்.” அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். நீ அளந்து சொன்னது எதுவும் இதுவரைக்கும் தப்பாப் போனதில்ல பியூலா, என்றும் சொன்னார். நான் சொன்னால் நம்பிவிடுவார். நான் சொன்னதை அவர் சொல்வார், அவர் சொன்னதை ஊரெல்லாம் நம்பும்.

திரையில் டெஸ்ட் எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பச்சைக் கோடு நகர்கிறது. உள்ளே கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் மூச்சுப் பிடித்து ஓடிக்கொண்டிருக்கின்றன, ஃபேன் சத்தம்கூடக் கூடவில்லை, காலையில் இருந்தே இந்த மெஷின் நன்றாகத்தான் ஓடியது, அதைச் சொல்ல வேண்டும், மறந்துவிடக்கூடாது. போன வாரம் வந்த பெரிய கம்பெனி மெஷின் இதே டெஸ்டில் அடுப்பாக இருந்தது. இது ஈரோட்டில் செங்கோட்டுவேல் என்பவர் தன் கடையில் கையால் பூட்டிய மெஷின், வேங்கை என்று பேர் வைத்திருக்கிறார், கதவைத் திறந்தால் உள்ளே ஒயர்களை எல்லாம் வளைவுக்கு வளைவு கட்டி, கட்டின முனைகளைக்கூட ஒரே பக்கமாகத் திருப்பி நறுக்கியிருக்கிறார், யார் பார்க்கப்போகிறார்கள் அதை. நான் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு சுத்தமாகக் கட்டினவர் பவர் சப்ளையில் கோட்டை விட்டிருப்பாரா? விட்டிருக்கலாம். பவர் சப்ளை அவர் செய்ததில்லையே, வாங்கிப் பூட்டியது. உள்ளே ஏதாவது ஒரு ஒயர் நைந்து பாடியில் பட்டால் முடிந்தது. போன் அடித்தது. அவர்தான். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் நடக்கும்போது போன் எடுக்கக்கூடாது என்று நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி, எடுத்துவிட்டேன். “அம்மிணி, நான் செங்கோட்டுவேலுங்க. தொந்தரவுங்களா?” இல்லீங்க அண்ணா. “ஓடுதுங்களா?” ஓடுதுங்க. “சூடு ஏறுதுங்களா? எங்கூர் வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில வெச்சு ஓட்டிப் பாத்துத்தானுங்க அனுப்பிச்சேன். உங்க ஏசி ரூம்ல அதுக்கு ஊட்டியில இருக்கற மாதிரி இருக்கும்.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா, அங்க பாடியத் தொட்டா... என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. தொட்டா? என்றார். குரல் மாறிவிட்டது. சூடு இருந்துச்சுங்களான்னு கேட்டேன், என்றேன். பொய். “அட, சில்லுனு இருந்துச்சுங்க. எம் பொண்ணு அதுமேல சாஞ்சுக்கிட்டுத்தானுங்க வீட்டுப்பாடமே எழுதுவா. நீங்க ஒரு நல்ல வார்த்தை சொன்னீங்கன்னா போதுமுங்க அம்மிணி, மொத லாட்டு பூட்டி அடுக்கி வெச்சிருக்கேன், வண்டி ஏத்திருவேன்.” சரிங்க அண்ணா. வைத்துவிட்டேன். வண்டி ஏற்றிவிடுவார். நான் இல்லை என்று சொன்னால் வண்டி ஏறிவிடும், வீடு வீடாகப் போய் இறங்கும், யாராவது ஈரக்கையோடு தொடுவார்கள். ஆமாம் என்று சொன்னால் அவர் கடையின் ஷட்டர் இறங்கிவிடும், யாரும் அதற்கப்புறம் ஈரோட்டு மெஷினைத் தொடக்கூட மாட்டார்கள், அந்தப் பெண் குழந்தை சாய்ந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற மெஷின். சாய்ந்தாளா? சாய்ந்தவளுக்கு ஏன் அடிக்கவில்லை?

ஏன் அடிக்கவில்லை. சாருக்கு அடிக்கவில்லை, ஷபீருக்கு அடிக்கவில்லை, ஈரோட்டில் ஒரு குழந்தைக்கு அடிக்கவில்லை. எனக்கு மட்டும் அடிக்கிறது. அப்படியென்றால் மெஷினில் ஒன்றும் இல்லை, என்னில்தான் ஏதோ. நரம்புத் தளர்ச்சியா? தூக்கம் பத்தவில்லையா? எனக்கு ஷாக் என்றால் பயம் என்று உடம்பே ஒரு ஷாக்கைத் தயார்செய்து கொடுத்துவிட்டதா? கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் ஷாக்குக்குப் பயப்படுகிறாள் என்று யாரிடம் சொல்ல. ஒரு டெஸ்டர் இருந்தால் போதும், சாதாரண டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர், உள்ளே குட்டி விளக்கு எரியுமே, எங்கள் ஊரில் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். எழுந்துபோய்த் தேடினேன். தெர்மல் கேமரா இருந்தது, சத்தம் அளக்கிற மீட்டர் இருந்தது, திரையில் ஃப்ரேம் எண்ணுவதற்கு ஒரு தனிப் பெட்டி இருந்தது, கடுகளவு ஸ்க்ரூவையும் கழற்றுகிற ஜெர்மன் செட் இருந்தது. டெஸ்டர் இல்லை. இத்தனை நாள் இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பச்சைக் கோடு பாதியைத் தாண்டிவிட்டது. தரை சில்லென்று இருந்தது, வீடு பெருக்க வருகிற அக்கா இப்போதுதான் ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள், மழை நாளில் மொசைக் தரை காயவே காயாது. காய்வதற்குள் யாரும் நடக்காதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், நான் நடந்துவிட்டேன், என் பாத அடையாளம் அலமாரி வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஈரத்தரை. எஸ்தர் சித்தி. வேண்டாம், இப்போது வேண்டாம். இப்போது இந்த மெஷின்.

வேண்டாம் என்றால் அது நிற்காது. மோட்டார் சத்தம் நிற்கவில்லை, அதுதான் முதலில். ஊரில், ஏரலில், எங்கள் காம்பவுண்டில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே மோட்டார், தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டால் யாராவது போய் நிறுத்துவார்கள். அன்று சித்தி போனாள். நான் அரைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், சமூக அறிவியல், தண்ணீர் வழிகிறது, மோட்டார் ஓடுகிறது, சித்தி போயிருக்கிறாளே ஏன் இன்னும் நிற்கவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த நினைப்பை விட்டுவிட்டு அடுத்த பத்தியைப் படித்தேன். பிறகு அம்மாவின் குரல். தொடாத, யாரும் தொடாத, கட்டைய எடு, கட்டைய எடு. நீல வாளி உருண்டு கிடந்தது. சித்தியின் கை மோட்டார்மேல் இருந்தது, ஏதோ தடவிக்கொடுப்பதுபோல. மற்றதை நான் பார்க்கவில்லை, என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவ நேரம், என்றார்கள். சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணிவிட்டு, கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார் என்றார். பொன்னையா பெரியப்பா, அவர்தான் வீட்டு ஓனர், புது மோட்டார் வாங்கிப் போட்டார், பழசைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதன் ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது, ஒயர் முனையில் ப்ளக். அதை எதற்கு இவ்வளவு தெளிவாக ஞாபகம் வைத்திருக்கிறேன்? கறுப்பு ப்ளக், பித்தளையில் இரண்டு பின். மூன்றாவது பெரிய பின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் மட்டும், அறுத்த இடம் பளபளவென்று. அது வித்தியாசமாகத் தெரியவில்லை. எங்கள் காம்பவுண்டில் எல்லா ப்ளக்கும் அப்படித்தான். கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, எல்லாம். சுவரில் இரண்டு ஓட்டைதான், மூன்று பின் எப்படிப் போகும், கடையில் இருந்து வந்த அன்றே ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடுவார்கள், மீன் வாங்கினால் செதில் எடுப்பார்களே, அப்படி, வாங்கினதும் செய்யவேண்டிய வேலை அது. முழுசாக மூன்று பின்னோடு ஒரு ப்ளக்கை நான் கல்லூரி லேபில்தான் முதலில் பார்த்தேன்.

லேபில் பார்த்தேன், பரீட்சையும் எழுதினேன். முதல் வருஷம், அடிப்படை மின்னியல். எர்த்திங் என்றால் என்ன, அதன் அவசியம் என்ன, படத்துடன் விளக்குக. ஒரு கருவியின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால் அது மனித உடல் வழியாகப் பாயாமல் நேராக நிலத்துக்குச் செல்ல வழி அமைப்பது. ப்ளக்கின் மூன்றாவது பின் இதற்கானது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பூமிக்கு அடியில் தகடு வரைந்து, கரியும் உப்பும் என்று அம்புக்குறி போட்டு எழுதினேன். முழு மதிப்பெண். அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன்கூட, யம்மா, கரண்டு பரீட்சையில ஃபுல் மார்க்கு. அம்மா அழுதாள். ஏன் அழுதாள் என்று நான் கேட்கவில்லை, சந்தோஷம் என்று நினைத்தேன். மூன்றாவது பின் இதற்கானது. இதற்கானது. அது அறுந்திருந்தது. எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன், பட்டம் வாங்கினேன், காம்பவுண்டிலேயே முதல் பட்டம், சர்ச்சில் பேர் சொல்லி ஜெபம் பண்ணினார்கள், இத்தனை வருஷமாக அந்த விடையும் என் தலைக்குள் இருந்தது, அந்தக் கறுப்பு ப்ளக்கும் என் தலைக்குள் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. இன்றைக்குப் பார்த்துக்கொண்டன. இந்த நாற்காலியில், இந்த ஃபேன் சத்தத்தில். சித்தி நேரத்தால் சாகவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள்ளேயே. நேரத்தால் சாகவில்லை. மோட்டாரில் கசிந்தது போவதற்கு ஒரு வழி வைத்துத்தான் செய்து அனுப்பியிருந்தார்கள், அந்த வழியை அறுத்துப் போட்டுவிட்டோம், அது சித்தி வழியாகப் போனது. வெறுங்கால். ஈரத்தரை. சித்திக்கு வெறுங்கால். எனக்கு?

குனிந்து என் காலைப் பார்த்தேன். வெறுங்கால். ஈரத்தரையில் வெறுங்கால். சாருக்கு ஷூ. ஷபீருக்கு ஷூ, தடிமனான ரப்பர் ஷூ. முதல் நாள் வேலைக்கு வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன், அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு எப்படிப் போவது, ஷபீர் சிரித்தான், இது என்ன கோயிலா பியூலா, என்றான், நீங்கல்லாம் சர்ச்சுக்கே செருப்போடதான போவீங்க, என்றான், எங்க ஊரு சர்ச்சுல வெளியதான்ணே போடணும், என்றேன், அன்றிலிருந்து வாசலில் என் செருப்பு மட்டும் தனியாகக் கிடக்கும். எனக்கு மட்டும் அடிக்கிறது. எனக்கு மட்டும் அடிக்கும். அப்படியென்றால் மெஷினில் இருந்து ஏதோ கசிகிறது, போக வழி இல்லாமல் நிற்கிறது, நான் தொட்டால் என் வழியாகத் தரைக்குப் போகிறது. வழி ஏன் இல்லை? மெஷின் ஒயரில் மூன்று பின் இருக்கிறது, நானே சொருகினேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கிறது, பார்த்துத்தான் சொருகினேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்கே சொருகியிருக்கிறது? தெரியவில்லை. நேற்றுத்தான் மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றினார்கள், வெளிச்சம் நன்றாக விழுகிறது, பின்னால் திரைச்சீலை அழகாக இருக்கிறது என்று. மேஜைக்கு அடியில் போனேன். ஷபீர், என்ன தேடற, என்றான். திரைச்சீலையை விலக்கினேன். பழைய காலத்துச் சுவிட்ச் பெட்டி, மஞ்சளேறிப்போய். இரண்டு ஓட்டை. அதில் வெள்ளையாகக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டூ பின் கன்வெர்ட்டர், முன்பக்கம் மூன்று ஓட்டை, பின்பக்கம் இரண்டே பின். எங்கள் மெஷின்கள், கேமரா விளக்கு, எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. இங்கே ஹேக்ஸா பிளேடுகூடத் தேவைப்படவில்லை. கடையிலேயே அறுத்து விற்கிறார்கள். மேஜைக்கு அடியில் மண்டியிட்ட மாதிரியே இருந்தேன்.

“ஷபீர் அண்ணே, இது யாரு போட்டது?” “எது? அதா? நான்தான், நேத்து. வயர் எட்டல, அந்த ப்ளக் பாயிண்டுல மூணு ஓட்ட இல்ல. ஏன்?” எழுந்து வந்தேன். முட்டியெல்லாம் ஈரம். சார், ஷூவக் கழட்டுங்க, என்றேன். “என்னது?” ஷூவக் கழட்டுங்க சார். சாக்ஸும். ஷபீர் வாயைப் பொத்திக்கொண்டு, “சார், கோயில் திறந்தாச்சு, கழட்டுங்க” என்றான். சார் என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, சிரிக்காமல் உட்கார்ந்து கழற்றினார். வெளுத்த பாதம், வெயிலே படாத பாதம், விரல்களைச் சுருக்கிக்கொண்டே ஈரத்தரையில் வைத்தார். ஐயோ, என்ன இவ்ளோ சில்லுனு இருக்கு. இப்ப புறங்கைய வைங்க சார், லேசா. வைத்தார். “யம்மா!” நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கையை உதறினார், பார்த்தார், மறுபடி உதறினார். அவர் முகத்தில் இருந்த திகைப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இத்தனை மெஷின்களைப் பற்றி இத்தனை பேரிடம் பேசின மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். ஷபீர், எங்க நான் பாக்கறேன், என்று ஒரு ஷூவை மட்டும் கழற்றிவிட்டுத் தொட்டான். டேய், என்று இரண்டடி பின்னால் போனான். “அப்ப அடிக்குதுல்ல? அடிக்குது!” என்றார் சார். தம்ப்நெயில் அவர் கண்ணில் வந்துவிட்டது. இருங்க சார், என்றேன். டெஸ்டை நிறுத்தினேன், பாதியில் நிறுத்தின முதல் டெஸ்ட் அதுதான், மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் சமையலறையில் ஃபிரிட்ஜ் சொருகுகிற ப்ளக் பாயிண்டில் போட்டோம். அங்கே மூன்று ஓட்டை. வீட்டுக்காரர் பின்னால் புதிதாக இழுத்தது, எர்த் ஒயரும் சேர்த்து இழுத்திருக்கிறார் போலிருக்கிறது. டெஸ்டை மறுபடி ஓடவிட்டு, குழாயில் தண்ணீர் பிடித்துக் காலடியில் ஊற்றிக்கொண்டேன். சார் வேண்டாம் வேண்டாம் என்றார். நான் தொட்டேன். ஒன்றும் இல்லை. மறுபடி. உள்ளங்கை, புறங்கை. ஒன்றும் இல்லை. வெறும் தகடு, லேசான சூட்டில், உள்ளே ஃபேன் ஓடுகிற அதிர்வோடு. சாரும் வெறுங்காலோடு வந்து தொட்டார். “அப்ப அடிக்கிறது நம்ம ஆபீஸா?” என்றார். ஆமா சார். “இத்தன நாள்ல நான் ஒரு மெஷினக்கூட வெறுங்காலோட தொட்டதில்ல பியூலா.” பாக்கறவங்கல்லாம் வீட்டுல வெறுங்காலோடதான் சார் இருப்பாங்க, என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. சித்தி ஞாபகம் வந்து, பரீட்சை ஞாபகம் வந்து, எல்லாம் வந்து, அம்மா இன்னும் அதே காம்பவுண்டில் இருக்கிறாள் என்பது கடைசியில்தான் வந்தது.

வாசலுக்கு ஓடிப்போய் போன் போட்டேன், மழைச் சாரல் மூஞ்சியில் அடித்தது. “யம்மா, நம்ம காம்பவுண்டு மோட்டார் இருக்குல்லா?” “ஆமா, அதுக்கு என்ன?” “அதுக்க ப்ளக்குல எத்தன பின்னு இருக்குன்னு போய்ப் பாரு.” “எட்டி, வேலை நேரத்துல இதக் கேக்கத்தான் போன் போட்டியா? சாப்பிட்டியா நீ?” “பாரும்மா.” “அது புது மோட்டாருல்லா. பெரியப்பா அன்னைக்கே மாத்திட்டாவல்லா.” “மோட்டார் இல்லம்மா, ப்ளக்கு.” “இப்ப எதுக்குட்டி அத இழுக்க? அது அவ நேரம்” என்றாள். “நேரம் இல்லம்மா.” “பின்ன என்னவாம்?” பின்ன என்ன. படத்துடன் விளக்குக. முழு மதிப்பெண் வாங்கின விடை, ஒரு வார்த்தைகூட வரவில்லை. யாரோ ஒருவர் பிளேடால் அறுத்தார், எல்லோரும் பார்த்தோம், நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? “உனக்கு மனசு சரியில்ல. ராத்திரி ஜெபம் பண்ணிட்டுப் படு. துணி ஊறிக் கெடக்கு, தொட்டியில தண்ணியில்ல, மோட்டாரு போடணும், வைக்கேன்.” வைத்துவிட்டாள். யம்மா போடாத, என்றேன், யாரும் இல்லாத போனில். மறுபடி போட்டேன். மணி அடிக்கிறது. மறுபடி. அடிக்கிறது, எடுக்கவில்லை. உள்ளே இருந்து சார், பியூலா, என்ன போட்டுக்கறது, அடிக்குதா இல்லையா, என்று கேட்டார். இல்லை என்றேன். மெஷின்ல இல்ல. மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் காலடியில் மழைத்தண்ணீர்.

பியூலா இதைச் சொல்லி முடித்தபோது அவள் அம்மா ஏற்கெனவே திரும்பப் பேசியிருந்தார். துணி துவைக்கும்போது போன் உள்ளே கிடந்ததாம், ப்ளக்கைப் போய்ப் பார்க்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டும் பியூலா போனைக் கையில் இருந்து இறக்கவில்லை. வீடியோ மறுநாள் வந்தது. ஈரோட்டு மெஷினை நிரஞ்சன் மனம்விட்டுப் பாராட்டியிருந்தார். மூன்று பின் ப்ளக்கைப் பற்றிக் கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது, பியூலா சண்டை போட்டுச் சேர்த்தது. செங்கோட்டுவேல் வண்டி ஏற்றிவிட்டார்.

எனக்குக் கேட்டதை அப்படியே நம்பி எழுதப் பயம் என்பதால் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தேன். ஒன்று, எர்த் இல்லாவிட்டால் இந்தவகை கம்ப்யூட்டரின் உலோக உடலில் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதி வந்து நிற்பது சகஜம். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டியால் வருவது அது, பழுது இல்லை. பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. கசிகிற மோட்டார் அப்படி இல்லை.

இரண்டாவது, அந்த மோட்டாரின் ப்ளக். அதைப் பார்க்க நானே போனேன். டிசம்பரில் என் அக்கா நிச்சயதார்த்தத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன், அங்கிருந்து ஏரலுக்கு பஸ். பியூலாவுக்கு லீவு கிடைக்கவில்லை, தவிர அவளுக்குப் போய்ப் பார்க்கத் தைரியமும் இல்லை. அவள் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி, ப்ளக்கை உருவிப் பார்த்தேன். மோட்டார் புதிது. ஒயர் புதிது. ப்ளக்கும் புதிது. சுவரில் இருந்த பெட்டியை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதில் இரண்டே ஓட்டை. புது ப்ளக்கின் மூன்றாவது பின்னை அறுத்துத்தான் சொருகியிருந்தார்கள்.